குழாயில் வராத சத்தம்

நீங்கள் மூன்று பேரும் சிரித்தீர்கள். போன மாதம் தர்மபுரியில் நடந்த வரவேற்பில், மேடையில் கச்சேரி ஓடிக்கொண்டிருந்தபோது, ஐஸ்கிரீம் கிண்ணத்தை மடியில் வைத்துப் பேசிக்கொண்டிருந்த அத்தை, பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுச் சட்டென்று மேடைப் பக்கம் திரும்பினாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. "அத்தைக்கு மட்டும் யாரோ கூப்பிடுறது கேக்குது" என்று சின்னவன் சொன்னான். பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நடுவுள்ளவள் அதைச் செல்போனில் பிடித்து வீட்டுக் குரூப்பில் போட்டாள். அதற்குக் கீழே என் வயதுக்காரர்கள்கூட, அத்தையோடு ஒன்றாக வளர்ந்தவர்கள்கூட, சிரிக்கிற பொம்மைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. நேரில் சொன்னால் கத்துவேன். கத்தினால் நீங்கள் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரைக்கும் படித்தவன் நான், பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள். குரூப்பில் சிரித்த என் வயதுக்காரர்களும் படிக்கட்டும். குழாய் ஸ்பீக்கர் கட்டின புளியமரத்துக்கு அடியில் வளர்ந்தவர்கள் நாம். நம் காது அங்கேயே கெட்டுப்போய்விட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் அப்பா, அதாவது நீங்கள் போட்டோவில் மட்டும் பார்த்த தாத்தா, பொம்மிடியில் மைக் செட் வைத்திருந்தார். காடும் இருந்தது. ராகியும் கடலைக்காயும் போட்டோம். ஆனால் அவரை விவசாயி என்று யாரும் சொன்னதில்லை. மைக் செட்டுக்காரர் என்றுதான் சொன்னார்கள், அவருக்கும் அதுதான் பெருமை. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் அலுமினியக் குழாய்களைக் கவிழ்த்து அடுக்கியிருப்பார், ஊமத்தம் பூவைப் பெரிதாக்கி வைத்தது போல. பேட்டரித் தண்ணீரின் புளித்த நெடியும் சூடேறின ஒயரின் வாசனையும் உள்ளே எப்போதும் இருக்கும். இப்போதும் எங்காவது ஒயர் கருகினால் எனக்கு அப்பா ஞாபகம்தான் வருகிறது.

மைக் செட் தொழிலில் அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு. மரத்தில் குழாயைக் கட்டி ஒரு ரெக்கார்டைப் போட்டுவிட்டு, செட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடுத்த ஊர்ப் பாதையில் போவார். எங்கே போய்ச் சத்தம் தேய்கிறதோ அங்கே இறங்கி நின்று கேட்பார். அது அடுத்த ஊரைத் தாண்டிவிட்டால் நல்ல செட். ஊருக்குள்ளேயே நின்றுவிட்டால் கெட்ட செட். வேறு அளவுகோல் கிடையாது. பண்டிகைக்கு ஏற்பாடு செய்கிறவர்களும் "எது வரைக்கும் கேக்கும்?" என்றுதான் கேட்பார்கள். கடத்தூர் ஆட்கள் வந்து "உங்க குழாய் எங்க ஊருக்குக் கேட்டுச்சுங்க" என்று சொன்னால் அப்பா அன்றைக்குச் சாப்பிடும்போது கூடச் சிரித்துக்கொண்டிருப்பார். "தூரம் போனாத்தான் அது சத்தம்" என்பது அவர் வேதம்.

அந்த வேதத்தில்தான் அத்தை மாட்டிக்கொண்டாள். இனி அவளை அக்கா என்றே எழுதுகிறேன். எனக்கு அவள் அக்காதானே.

என் அம்மாவுடைய தம்பி, என் மாமா, ஒரு மெல்லிசைக் குழு நடத்தினார். அவர் ஆர்கன் வாசிப்பார். குழுவுக்கு மைக் செட் எங்களுடையது. அதில் பேஸ் கிடார் வாசித்த அண்ணன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் போனபோது கிடாரை எங்கள் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை. அந்த வருஷம் அக்கா பிளஸ் டூ எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். நான் நாலாவதோ ஐந்தாவதோ படித்தேன்.

கிடாரைத் தூசி தட்டத்தான் அவள் எடுத்தாள். சேலத்துப் பட்டறை ஒன்றில் செய்தது. மாமரத்து உடம்பு, கறுப்புப் பெயிண்ட், ஓரமெல்லாம் பெயிண்ட் உரிந்து பலகை தெரியும். தூக்கினால் தண்ணீர்க் குடம் கனம். சாதாரணக் கிடாருக்கு ஆறு கம்பி. இதற்கு நாலுதான், ஆனால் ஒவ்வொன்றும் சைக்கிள் பிரேக் ஒயர் தடிமன். நாலு கம்பியும் சேர்ந்து கழுத்தை இழுக்கிற இழுப்பு ஒரு ஆளைத் தொங்கவிட்டது போல இருக்கும் என்று மாமா சொல்வார். அதற்காக நல்ல கிடாரின் கழுத்துக்குள் ஓர் இரும்புத் தண்டு வைத்திருப்பார்கள். இந்தப் பட்டறைக்காரர் வைக்கவில்லை. அதனால் வாசித்து முடித்ததும் கம்பிகளைத் தளர்த்தி வைக்க வேண்டும், மறந்தால் கழுத்து வளைந்துவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

உடம்பு உள்கூடு இல்லாத கட்டை. கரண்டு இல்லாவிட்டால் கொசு பறக்கிற அளவுக்குக்கூடச் சத்தம் வராது. செட்டைத் தொட அப்பா விடமாட்டார். அக்கா என்ன செய்தாள் தெரியுமா? எங்கள் வீட்டு முன்கதவு பழைய வேங்கைக் கதவு. அதைச் சாத்திவிட்டு, தரையில் உட்கார்ந்து, கிடாரின் தலையைக் கதவில் அழுத்தி வைத்துக்கொண்டு வாசித்தாள். கதவு முழுக்க முனகியது. வெளியே நின்ற நான் கன்னத்தைக் கதவில் வைத்தேன். பல்லுக்குள் சத்தம் கேட்டது. காதில் விழுவதற்கு முன்னாலேயே தாடையில் ஏறிவிட்டது. இன்றைக்கு வரைக்கும் அது மாதிரி ஒன்றை நான் கேட்டதில்லை.

காட்டிலிருந்து வந்த அப்பா கதவைத் தட்டிப் பார்த்தார். "என்னாடா, கதவுல வண்டு பூந்துடுச்சா?" என்று என்னைக் கேட்டார். நான் அக்கா என்றேன். அவர் சிரித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

மாமாதான் நின்றார். ஒரு நாள் காபி டம்ளரோடு வெளியில் நின்று வெகு நேரம் கதவில் தோளைச் சாய்த்துக் கேட்டார். காபியில் ஆடை படிந்துவிட்டது. பிறகு கதவைத் திறந்து, ட்ரம்ஸில் காலால் மிதித்து அடிக்கிற அடியோடு இந்தக் கம்பி சேர்ந்து விழ வேண்டும், இரண்டும் ஒரே ஆள் நடக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அதற்கு மேல் அவர் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவள் டேப் ரெக்கார்டரில் பாட்டைப் போட்டு, பாடகர் குரலை ஒதுக்கிவிட்டு, அடியில் ஓடுகிறதை மட்டும் பிடித்தாள். ஒரே இடத்தை ரீவைண்டு செய்து ரீவைண்டு செய்து கேசட் நாடா நைந்துபோனது.

விரலெல்லாம் கொப்புளம். சாப்பாட்டில் குழம்பு பட்டு எரிந்து அவள் ஸ்பூன் கேட்டாள். "ஸ்பூன்லதான் திம்பாளாம், துரைசாணி" என்றாள் அம்மா. கம்பியில் வியர்வையும் அழுக்கும் ஏறினால் சத்தம் மந்தமாகிவிடும். புதுக் கம்பி பெங்களூரில்தான் கிடைக்கும். அதனால் குழுக்காரர்கள் கம்பியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைத்துத் துடைத்து மாட்டுவார்கள். அக்கா அதை அம்மாவின் ரசச் சட்டியில் செய்தாள். மூடியைத் திறந்த அம்மா, உள்ளே சுருண்டு கிடந்ததைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனாள்.

"ஏன்டி, கம்பிய வேகவெச்சுத் திங்கப் போறியா? உப்பு போட்டியா?"

"உப்பு போட்டாத் துரு புடிச்சுக்கும்மா" என்றாள் அக்கா, சிரிக்காமல்.

அந்தச் சட்டியில் அப்புறம் ரசம் வைக்கவில்லை. ஆனால் அம்மா அதைத் தூக்கிப் போடவும் இல்லை. கம்பிக்கென்று தனியாக வைத்தாள். அந்த வீட்டில் அக்காவுக்குக் கிடைத்த ஒரே ஆதரவு அந்தச் சட்டிதான் என்று இப்போது தோன்றுகிறது.

மாசி பிறந்தது. மாமா அவளைக் குழுவில் சேர்த்துக்கொண்டார். அப்பாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தாய்மாமன் குழு, சொந்த மைக் செட், அவரும் கூடவே வருகிறார். என்னையும் கூட்டிப்போவார்கள்.

கச்சேரிக் குழு என்றால் உங்களுக்கு மேடையும் கலர் லைட்டும்தான் தெரியும். நான் பார்த்ததைச் சொல்கிறேன். டெம்போவில் குழாய்களுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் கால் மடக்கி உட்கார்ந்து போக வேண்டும். வெயிலில் போனால் கம்பி சுருதி இறங்கும், பனியில் ஏறும். கிடாரைத் தோளில் மாட்டுகிற பட்டை அறுந்துபோக, தொப்பூரில் ஒரு லாரிக்காரரிடம் தார்ப்பாய் கட்டுகிற பட்டையைக் கேட்டு வாங்கி மாட்டினாள். அது தாவணிக்கு மேலே தோளை அறுத்தது. கரண்டு குறைந்தால் ஆர்கன் மெலியும், எல்லோரும் அவரவர் சத்தத்தைக் கூட்டுவார்கள், கடைசியில் யார் சத்தமும் யாருக்கும் கேட்காது. சாப்பாடு முதலில் பாடகர்களுக்கு. பிறகு ஆர்கன், தபேலா. பேஸ் கிடாருக்கு அடிச் சோறு. மேடையில் இடமும் அப்படித்தான், ட்ரம்ஸுக்குப் பக்கத்தில், பாடகருடைய முதுகுக்குப் பின்னால். அறிவிப்பாளர் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கைதட்டு வாங்கிக் கொடுப்பார். கடைசியில் "மற்றும் பலர்" என்பார். குழுவில் மிச்சம் இருந்தது அக்கா ஒருத்திதான். அந்த மாசி முழுக்க அவள் பேர் மற்றும் பலர்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் வாசிப்பது யாருக்கும் கேட்கவில்லை.

காரணம் எனக்குப் பின்னால் தெரிந்தது, சேலத்தில் ரேடியோ கடையில் வேலை பார்த்தபோது. குழாய் ஸ்பீக்கர் பார்க்கத்தான் அண்டா மாதிரி இருக்கும். உள்ளே சத்தம் போடுவது உள்ளங்கை அகலத் தகடு. மனிதக் குரல், நாதஸ்வரம், ஆர்கனின் மேல் சத்தம் எல்லாம் அதில் கிளம்பி அடுத்த ஊருக்குப் போகும். தாழ்ந்த சத்தம் அந்தத் தகட்டில் கிளம்பவே கிளம்பாது. அதற்குப் பெரிய காகிதக் கூம்பு வேண்டும், மரப்பெட்டி வேண்டும், காற்றைப் பிடித்துத் தள்ள வேண்டும். அக்கா தடித்த கம்பியில் அடித்ததில் பாதிக்கு மேல் அப்பாவின் குழாயில் ஏறவே இல்லை. மேடை மேல் குழுக்காரர்களுக்காக ஒரு சின்னப் பெட்டி இருந்தது, அதில் கேட்கும். பாடகருக்குக் கேட்கும், ட்ரம்ஸ் அண்ணனுக்குக் கேட்கும், மேடைப் பலகையில் உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்கும். கீழே ஜனங்களுக்கு ஒரு பெண் கிடாரை மாட்டிக்கொண்டு விரலை அசைக்கிறாள், அவ்வளவுதான்.

ஊர் சும்மா இருக்குமா? ஊமைக் கிடார் என்று பேர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னைப் பார்த்து, "உங்கக்கா கிடாருக்கு மட்டும் கரண்டு கட்டாமாடா?" என்றார்கள். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, வீட்டுக்கே வந்து சொன்னார். "மேடை ஏறுனதுதான் ஏறுது. ஒரு சத்தமாச்சும் வரவேணாமா? சும்மா நிக்கிறதுக்கா வயசுப் பொண்ண ஊர் ஊரா இட்டுனு போற?" சத்தம் வந்திருந்தால், பொம்பளைப் பிள்ளைக்கு என்ன சத்தம் என்று கேட்டிருப்பார். அதே வாய்தான்.

அக்கா அழவில்லை. பெட்டி செய்தாள். மூடிப்போன டூரிங் சினிமாக் கொட்டாய் ஒன்றின் திரைக்குப் பின்னால் கிடந்த பெரிய ஸ்பீக்கரை மாமா வாங்கி வந்தார். முறத்தின் அகலம் இருக்கும் அதன் காகிதக் கூம்பு. பாப்பாரப்பட்டிச் சந்தையில் பலகை வாங்கி, வீட்டு வாசலில் போட்டு, மாமாவும் ட்ரம்ஸ் அண்ணனும் அறுக்க, அக்கா மூலைக்கு மூலை கோந்து பூசி, காற்று வெளியே போகாமல் துணி அடைத்து ஆணி அடித்தாள். முடிந்தபோது அது சாமான் பீரோவில் பாதி உயரம் இருந்தது.

மத்தியானம் சோதித்துப் பார்த்தோம். முற்றத்தில் அம்மா முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா தடித்த கம்பியை ஒரே ஒரு தடவை இழுத்து விட்டாள். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. கன்றுக்குட்டி எழுந்து நின்றது. அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். முறத்தில் ராகி குதித்தது. அக்கா வாசிக்க வாசிக்க ராகி அதே தாளத்தில் எழும்பி விழுந்தது, ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து கோலம் மாதிரி கூடியது. அம்மா தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். "இங்க வந்து அடிக்குதுடி" என்றாள், ரகசியம் மாதிரி.

அப்பாவும் பார்த்தார். ராகி குதித்ததைப் பார்த்தார். உடனே பாதையில் கொஞ்ச தூரம் நடந்து போனார். போய் நின்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, "ஏரிக்கரை வரைக்கும்கூட வரலியே. இது சத்தம் இல்ல, உறுமல்" என்றார்.

பங்குனியில் பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் மாரியம்மன் பண்டிகை. எங்கள் பக்கத்தில் அதுதான் பெரிய கச்சேரி. அதற்குள் அக்காவுக்கு ஒரு மாப்பிள்ளை பேச்சு வந்திருந்தது. பெரியப்பா கொண்டுவந்த இடம். அப்பா அக்காவைக் கூப்பிட்டு நியாயமாகப் பேசுவது போலத்தான் பேசினார். பண்டிகைக் கச்சேரியில் உன் சத்தம் ஊருக்குக் கேட்டால் நீ வாசித்துக்கொண்டிரு, பெரியப்பாவுக்கு நான் பதில் சொல்கிறேன். கேட்கவில்லை என்றால் கிடாரை இறக்கி வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குத் தலையை ஆட்டு. அக்கா சரி என்றாள். பெட்டி இருக்கிறது என்ற தைரியம்.

பண்டிகை அன்று டெம்போ வந்து நின்றது. குழாய்கள் ஏறின, மூங்கில் ஏறியது, ஜெனரேட்டர் ஏறியது. பெட்டியை ஏற்ற மாமாவும் ட்ரம்ஸ் அண்ணனும் தூக்கினார்கள். அப்பா வேண்டாம் என்றார். இடம் இல்லை, இன்னும் இரண்டு குழாய் போட்டால் அடுத்த ஊரைத் தாண்டிக் கேட்கும், கிடாரையும் அதிலேயே கொடுத்துவிடலாம் என்றார்.

"அது குழாய்ல வராதுங்கப்பா" என்றாள் அக்கா.

"என் குழாய்ல வராத சத்தம் என்னா சத்தம்?"

அவர் வஞ்சகமாகச் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் என்னை அறுப்பது அதுதான். மனதார நம்பித்தான் சொன்னார். மகளுக்கு உதவி செய்கிறோம் என்று நினைத்துத்தான் இரண்டு குழாயைக் கூட ஏற்றினார். அவரைவிட எனக்கு மாமா மேல்தான் கோபம். மாமாவுக்குத் தெரியும். முறத்தில் ராகி குதித்தது ஏன் என்றும், குழாயில் எது ஏறும் எது ஏறாது என்றும், அங்கே நின்றவர்களில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். அவர், "மச்சான் சொன்னாச் சரியாத்தான் இருக்கும் பாப்பா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியின் ஒரு முனையை இறக்கினார். மச்சானைப் பகைத்தால் மைக் செட்டுக்கு எங்கே போவது? தெரியாதவன் செய்த தப்பை மன்னிக்கலாம் பிள்ளைகளே. தெரிந்தவன் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டதை எதில் சேர்ப்பது? பெட்டி வாசலிலேயே நின்றது.

பொழுது சாய்கிற நேரம் கச்சேரி ஆரம்பித்தது. அப்பா ஒயரெல்லாம் சரிபார்த்துவிட்டு, வழக்கம் போலச் சைக்கிளை எடுத்தார். இந்தத் தடவை அவர் போனது மகளைக் கேட்பதற்காக. அடுத்த ஊர் ஏரிக்கரை வரைக்கும் மிதித்துப் போய், கரை மேல் ஏறி நின்று கேட்டார். அவ்வளவு தூரம், அவ்வளவு அக்கறை. போகாமல் மேடைக்குக் கீழே வந்து பலகையில் கையை வைத்திருந்தால் போதும்.

நான் மேடையில் இருந்தேன். அக்கா அன்றைக்கு வாசித்தது மாதிரி அதற்கு முன்னால் வாசித்ததில்லை. ட்ரம்ஸ் அண்ணன் அவளைப் பார்த்துக்கொண்டே அடித்தார். என் தொடைக்குக் கீழே பலகை நடந்துகொண்டே இருந்தது. கீழே பண்டிகைக் கமிட்டித் தலைவர் முன் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து ஆளிடம் அவளைக் காட்டி ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்கா அதைப் பார்த்தாள்.

அடுத்த பாட்டு நடுவில் அவள் கையை எடுத்துவிட்டாள். கம்பி அறுந்து போகவில்லை, மறக்கவும் இல்லை. கையை எடுத்துக் கிடார் மேல் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். சும்மாதான் நிற்கிறாள் என்றுதானே சொன்னீர்கள், இந்தா பாருங்கள் என்பது போல.

பாடகர் திரும்பிப் பார்த்தார். மாடிப்படியில் ஒரு படி இல்லாதது போல அவர் குரல் தடுக்கிச் சுருதியை விட்டு இறங்கியது. ட்ரம்ஸ் அண்ணன் வேகம் கூட்டினார், பிறகு குறைத்தார். மாமா ஆர்கனிலிருந்து நிமிர்ந்தார். ஜனங்கள் சலசலத்தார்கள். என்னமோ போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது, எது போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கமிட்டித் தலைவர் எழுந்து, "பாடுறவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு போல, சுடுதண்ணி குடுங்கப்பா" என்றார். சுடுதண்ணி வந்தது. பாடகர் குடித்தார். அடுத்த பாட்டுக்கு அக்கா மறுபடி கையை வைத்தாள். எல்லாம் சரியாயிற்று. சுடுதண்ணி வேலை செய்துவிட்டது என்று ஊர் நினைத்தது.

கச்சேரியின் இடைவேளையில் அப்பா ஏரிக்கரையிலிருந்து வந்தார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் வந்தார். அவர் முகத்தில் வருத்தம்தான் இருந்தது.

"கேக்கல பாப்பா. நெசமா நின்னு கேட்டேன். பாட்டு கேக்குது, ஆர்கன் கேக்குது, ட்ரம்ஸு கேக்குது. உன்னுது இல்ல. நடுவுல பாட்டு கொஞ்சம் தள்ளாடுச்சு, அவ்ளோதான்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தத் தள்ளாட்டம் நாந்தாங்கப்பா. நான் நிறுத்துனது உங்களுக்கு ஏரிக்கரையில கேட்டுச்சு. வாசிச்சதுதான் கேக்கல."

எனக்குப் பொறுக்காமல், "எனக்குக் கேட்டுச்சு, பலகையில கேட்டுச்சு" என்று கத்தினேன். கச்சேரிக்கு வந்திருந்த பெரியப்பா என் பிடரியில் ஒன்று வைத்தார். அப்பா கொஞ்ச நேரம் மரத்தில் கட்டியிருந்த குழாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அந்தக் கணத்தில் ஏதோ புரிந்தது என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். புரிந்தது என்று ஒத்துக்கொண்டால் அந்தக் குழாய்களை என்ன செய்வது? ஊர் ஊராக அவர் சைக்கிளில் போய் நின்று கேட்டதெல்லாம் என்ன ஆவது? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அதெல்லாம் பேச்சு. சொன்னா சொன்னதுதான்" என்றார்.

சொன்னால் சொன்னதுதான். வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை, அதாவது உங்கள் மாமா, தங்கமான மனிதர், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தொப்பூர் மெயின் ரோட்டில் சாப்பாட்டுக் கடை. கல்யாணத்துக்கு முதல் நாள் அக்கா கிடாரைக் கொட்டகை ஆணியில் மாட்டினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்றைக்கும் கம்பியைத் தளர்த்தித்தான் மாட்டுவாள், சொன்னேன் அல்லவா? அன்றைக்குத் தளர்த்தவில்லை. நாலு திருகையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் முறுக்கினாள். மாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் கத்திரி வெயில் தகரத்தின் கீழ் மீதியைச் செய்தது. கழுத்து வில்லாக வளைந்தது. பெரியப்பா அதைப் பார்த்து, "இதுக்கே இப்டி வளைஞ்சுடுச்சு, மட்டமான சாமான்" என்றார். பெட்டி கொஞ்ச நாள் வாசலில் கிடந்தது. ஸ்பீக்கரைக் கழற்றி யாரோ எடுத்துப்போனார்கள். அந்த வட்ட ஓட்டை வழியாகக் கோழி உள்ளே போய் அடை உட்கார்ந்தது. நல்ல கோழிக்கூடு என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பாராட்டினார்கள். எத்தனை ஈடு குஞ்சு பொரித்ததோ. கிடாரின் தடித்த கம்பியைக் கொண்டு ஆட்டுப்பட்டிப் படலைக் கட்டினார்கள். அப்பா சாகும்வரை மைக் செட் வைத்திருந்தார். மரப்பெட்டி ஸ்பீக்கர் வந்தபோது எல்லோரும் மாறினார்கள், அவர் மட்டும் மாறவில்லை. "நெஞ்சுல இடிக்குது, தூரம் போவாது" என்றார். அம்மாவின் ரசச் சட்டி மட்டும் பரணில் இருந்தது. அவள் போன பிறகு தேடினேன், கிடைக்கவில்லை.

இப்போது வரவேற்புக்கு வருகிறேன். மேடையில் அன்றைக்கு ஓரமாக நின்று ஒரு பையன் பேஸ் கிடார் வாசித்தான். நீங்கள் அவனைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பாடின பெண்ணைப் பார்த்தீர்கள், லைட்டைப் பார்த்தீர்கள். அவன் ட்ரம்ஸுக்குப் பக்கத்தில், எல்லோருடைய முதுகுக்கும் பின்னால் நின்றான். மூன்றாவது பாட்டில் நம் சொந்தக்காரர் ஒருவர், குரூப்பில் முதல் பொம்மை போட்டவர், எழுந்து போய்ச் சவுண்டுக்காரரிடம் நெஞ்சில் இடிக்கிறது, அதை நிறுத்துங்கள் என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சவுண்டுக்காரர் ஒரு பொத்தானைக் கீழே இழுத்தார். அந்தப் பையனுக்குத் தெரியாது. அவன் வாசித்துக்கொண்டேதான் இருந்தான்.

மண்டபத்தில் அவ்வளவு பேர். ஒருவரும் திரும்பவில்லை. நானும்தான் கண்ணால் பார்த்ததால் தெரிந்துகொண்டேன். உங்கள் அத்தை ஒருத்தி, மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள், தட்டு ஓசைக்கும் பேச்சுக்கும் நடுவில், திரும்பினாள்.

வண்டியில் வரும்போது உங்களுக்குத் தூக்கம். முன் சீட்டில் அவள் என்னிடம் சொன்னாள். "அந்தப் பையன் நல்லா வாசிச்சான்டா. பாதியில அவன் சத்தத்தப் புடுங்கிட்டாங்க. மேடையில இருக்கிறவனுக்கு அது தெரியாது, பாவம்." அவ்வளவுதான் பேசினாள். பிறகு கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, லாரிகள் இறங்குகிற தொப்பூர்க் கணவாய் வரைக்கும் வண்டிக் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வந்தாள்.

அந்த வீடியோவை அழித்துவிடுங்கள். கேட்டுக்கொள்ளவில்லை, சொல்கிறேன். இனிமேல் அத்தை எங்கேயாவது யாரும் கூப்பிடாமல் திரும்பினால் சிரிக்காதீர்கள். அங்கே யாருடைய சத்தத்தையோ நிறுத்தியிருக்கிறார்கள். எழுந்து போய் யார் என்று பாருங்கள்.